மேல் மாடி எனக்கு, கீழ் வீடு அக்காவுக்கு

அந்தச் சுவரோரமா நிக்காதீங்கம்மா, கொஞ்சம் இப்படி வாங்க. காரை உதிருது. போன வாரம் ஒரு வெளிநாட்டுக்காரர் தோள்ல விழுந்துச்சு. நல்லவேளை, சின்னத் துண்டு. போட்டோதானே எடுக்கணும்? இங்கேருந்தே எடுங்க, முழுசா விழும். எதிர்க்கடை செட்டியார் எனக்காகத்தான் இந்த நாற்காலியைப் போட்டு வெச்சிருக்காரு.

அழகாத்தான் இருக்கு. யாரு இல்லைன்னா? மேல வளைவு வளைவா மூணு ஜன்னல், கீழ பெரிய கதவு. கதவைத் தட்டிப் பாக்கலாமான்னு கேக்குறீங்க. தட்டுங்க. திறந்தா உள்ள வானம்தான். முன்சுவர் மட்டும்தான்ம்மா நிக்குது. பின்னாடி சவுக்குக் கட்டை முட்டுக் குடுத்திருக்கு. இந்தச் சுவரை இடிக்கக் கூடாதுன்னு ரூல். மனுஷன் விழலாம், சுவர் விழக் கூடாது.

என் வீடுதான். என் பேரு மர்கரீத். புதுச்சேரில எங்க கிறிஸ்தவ ஆளுங்களுக்கு இப்படித்தான் பிரெஞ்சுப் பேரு இருக்கும், பயந்துக்காதீங்க. வீட்டுல மர்கின்னு கூப்பிடுவாங்க. கூப்பிடுறதுக்கு இப்ப ஒருத்திதான் இருக்கா, எங்க அக்கா ஒதேத். என்னை விட எட்டு வயசு மூத்தவ. கல்யாணம் பண்ணிக்கல. முப்பத்து மூணு வருஷம் ஸ்கூல்ல பிரெஞ்சு டீச்சர். தப்பா எழுதினா தப்புன்னு சிவப்பு மையில வட்டம் போடுற சாதி.

எங்க அப்பா சாகறப்ப வீட்டைப் பிரிச்சாரு. எப்படிப் பிரிச்சாரு தெரியுமா? கீழ் வீடு பெரியவளுக்கு, மேல் மாடி சின்னவளுக்கு. கேட்டா சமமாத்தான் இருக்கும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கீழ முற்றம், தேக்குத் தூணு, கிணறு, எல்லாம் அவளுக்கு. மேல வெயிலும் மழையும் எனக்கு. மழை பெஞ்சா முதல்ல யாரு தலையில விழும்? என் தலையிலதானே? கூரையைப் பாத்துக்க வேண்டியவ நான். நான் பாத்துக்கிட்டா நிம்மதியாத் தூங்குறவ அவ. இது நியாயமா? அப்பாகிட்ட கேட்டேன். "மர்கி, நீ சின்னவ, உனக்குப் படி ஏற முடியும்"னாரு. இதுக்கு என்னத்தைச் சொல்றது?

சரி, ஏறினேன். கல்யாணமாகி, புருஷனோட அங்கதான் இருந்தேன், என் பையன் ரெனே அங்கதான் பொறந்தான். அவர் போனப்புறம் எனக்கு மூட்டு வலி. ரெனே லாஸ்பேட்டையில ஒரு ஃபிளாட் வாங்கி என்னை அங்க வெச்சிட்டு சென்னைக்கு வேலைக்குப் போயிட்டான். மேல் மாடியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில போட்டேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு. விட்டுட்டுப் போனேன்னு நினைக்காதீங்க. பூட்டிட்டுத்தானே போனேன்? பூட்டுறதுன்னா பத்திரமா வெக்கிறதுதானே?

ரெனேதான் சொன்னான், "அம்மா, இடிச்சிட்டு நாலு வீடாக் கட்டலாம். கீழ ஒண்ணு பெரியம்மாவுக்கு." நல்ல யோசனை. அக்காகிட்ட சொன்னேன். அவ கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சா. அவ கண்ணாடியைத் தொடைச்சா இஷ்டமில்லைன்னு அர்த்தம்.

நான் பாட்டுக்கு இடிக்கறதுக்கு மனு போட்டேன். அப்பத்தான் இந்தக் கமிட்டியெல்லாம் வந்துச்சு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற கமிட்டின்னு, அங்கேருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. சுடரொளின்னு பேரு, முப்பது வயசு இருக்கும், காதுல கம்மல்கூட இல்ல. வந்ததும் முற்றத்துல நின்னுக்கிட்டு மேல பாத்து, "ஆன்ட்டி, இது எவ்ளோ நல்ல வீடு"ன்னுச்சு. என் வீடு நல்ல வீடுன்னு எனக்கே சொல்லுது.

"இடிக்க முடியாது ஆன்ட்டி. உங்க வீடு லிஸ்ட்ல இருக்கு."

"எந்த லிஸ்ட்? என்னைக் கேட்டா லிஸ்ட்ல சேத்தீங்க?"

"ரிப்பேர் பண்ணலாம். முன்பக்கம் மாத்தக் கூடாது. ஜன்னல் வளைவு அப்படியே இருக்கணும். சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான். தேக்குக் கட்டை போனா தேக்குக் கட்டைதான் போடணும். செலவுல பாதி நாங்க ஏற்பாடு பண்றோம். நீங்க ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டா போதும்."

போதுமாம். ரெண்டு பேரும் சேந்துன்னா எவ்ளோ பெரிய விஷயம்னு அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அக்கா அன்னிக்கே, அங்கேயே, நின்னபடியே போட்டுட்டா. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல? கேக்கல. பேனாவை என் பக்கம் நீட்டினா. எனக்கு அது பிடிக்கல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுப் போடறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

படிச்சேன். மூணாவது பக்கத்துல என் பேரை மார்கரெட்டுன்னு அடிச்சிருந்தாங்க. நான் மர்கரீத். தப்பான பேர்ல எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்தா? திருப்பி அனுப்பினேன். ஒரே வாரத்துல திருத்திக் குடுத்தாங்க. அதுக்குள்ள ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவக்காலம் வந்துடுச்சு. தவக்காலத்துல நாங்க புதுக் காரியம் தொடங்க மாட்டோம். அப்புறம் ஈஸ்டர் முடிஞ்சு ரெனே வரட்டும்னு பாத்தேன், அவனுக்கு லீவு கிடைக்கல. ஃபாரம் பீரோவுல ரேஷன் கார்டோட பத்திரமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு பத்துப் பதினஞ்சு தடவை போன் பண்ணிச்சு. அவசரம்னா எல்லாமே தப்பாத்தான் போகும், நான் நிதானமானவ.

நடுவுல கொத்தனார் தண்டபாணி ஒரு பேச்சு சொன்னாரு. அவரு சொன்னதுதான், நான் சொன்னதில்ல. "எதுக்கும்மா மனு, ஃபாரம்? இந்த மாதிரி வீடு ரெண்டு மழை பாத்தா தானா உக்காந்துடும். தானா விழுந்ததுக்கு யாரு வந்து கேக்கப் போறா? அப்புறம் உங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம்."

நான் அப்படி நினைக்கவே இல்லம்மா. மாதா சத்தியமா நினைக்கல. நான் பாட்டுக்கு இருந்தேன். எதுவும் செய்யாம இருக்கறது ஒரு தப்பா?

அக்காதான் நச்சரிப்பா. லேண்ட்லைன்ல கூப்பிடுவா. "மர்கி, மாடிச் சுவத்துல அரசங்கன்னு முளைச்சிருக்கு. ரோட்லேருந்து பாத்தா தெரியுது. ஒரு ஆளை அனுப்பிப் பிடுங்கச் சொல்லு."

"எதையும் தொடக் கூடாதுன்னுதான் ரூலாச்சேக்கா. செடியைப் பிடுங்கறதுக்கும் பர்மிஷன் வாங்கணுமோ என்னவோ."

"அது செடி, மர்கி."

"ரூலு ரூலுதானே. நீதானே கையெழுத்துப் போட்டே?"

அடுத்த மழைக்கு மறுபடி போன். "மொட்டை மாடியில தண்ணி நிக்குது போல. குழாய் வாயில சருகு அடைச்சிருக்கும். சாவியைக் குடுத்தனுப்பு, நான் ஏறி எடுத்து விடறேன்." எழுபத்து மூணு வயசுல ஏறுவாளாம். நான் குடுக்கல. விழுந்து வெச்சான்னா பழி யாருக்கு? அவ நல்லதுக்குத்தான் குடுக்கல. அதுவும் இல்லாம, என் வீட்டுச் சாவி அது. கீழ் வீட்டுச் சாவியை அவ எனக்கு என்னிக்காவது குடுத்திருக்காளா? நான் கேட்டதில்லைங்கறது வேற விஷயம்.

அவ படுக்கையை நடுக்கூடத்துலேருந்து பின்ரூமுக்கு மாத்தினா. அங்கயும் ஒழுகிச்சு. மறுபடி முன்பக்கம் மாத்தினா. அண்டா, குண்டான், அப்பாவோட ஷேவிங் கிண்ணம் வரைக்கும் தரையில வெச்சிருந்தா. நான் ஒரு தடவை போயிருந்தப்ப பாத்தேன். ஒவ்வொரு பாத்திரத்துல ஒவ்வொரு சத்தம். "இது டோ, இது மி"ன்னு பியானோ ஸ்வரம் மாதிரி சொல்லிக் காட்டிச் சிரிச்சா. அவ சிரிச்சதைப் பாத்து எனக்கு, பரவாயில்ல, சமாளிக்கறான்னுதான் தோணுச்சு. கஷ்டம்னா மனுஷங்க அழணும்ல? சிரிச்சா எனக்கு எப்படித் தெரியும்?

போன அக்டோபர்ல, ஒரு வியாழக்கிழமை, என் ஃபிளாட்டுக்கு வந்தா. அதுவரைக்கும் வந்ததே இல்ல. லிஃப்ட் வேலை செய்யல. மூணு மாடி ஏறி, குடை சொட்டச் சொட்ட வாசல்ல நிக்கறா. கையில ஒரு துணிப்பை. உக்கார வெச்சுக் காப்பி போட்டுக் குடுத்தேன். சுத்திப் பாத்தா. "உன் வீடு காய்ஞ்சு இருக்கு, நல்லா இருக்கு"ன்னா.

அப்புறம் மெதுவா, "எனக்குப் பயமா இருக்கு மர்கி"ன்னா.

எங்க அக்கா வாயிலேருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லம்மா. அப்பா செத்தப்பகூட அவ பயந்ததில்ல.

"என்னக்கா பயம்?"

"சாயங்காலத்துல கட்டை சத்தம் போடுது. முனகற மாதிரி. சாவியை மட்டும் குடு. கையெழுத்துகூட அப்புறம் போட்டுக்கலாம். அந்தத் தண்ணியை மட்டும் வடிச்சிடறேன்."

"நீ ஏறாதே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே வர்றேன், ஆளோட வர்றேன், திறக்கறேன். போதுமா?"

பையிலேருந்து ஒரு நீளக் கவரை எடுத்தா. மடியில வெச்சுக்கிட்டா. என் முகத்தைப் பாத்தா. "வருவேல்ல?"ன்னா. "வர்றேன்னு சொல்றேனே"ன்னேன், கொஞ்சம் எரிச்சலாத்தான் சொன்னேன். கவரைத் திரும்பப் பையில வெச்சிட்டு எழுந்துட்டா. காப்பி பாதிதான் குடிச்சிருந்தா.

ஞாயித்துக்கிழமை ஒரு ஞானஸ்நானம். ரெனேவோட சிநேகிதன் குழந்தைக்கு. போகாம இருக்க முடியுமா? மழை வேற. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். போன் பண்ணிச் சொல்லலாம்னு இருந்தேன், மறந்துட்டேன். இது மனுஷங்களுக்கு நடக்கறதுதானே?

செவ்வாக்கிழமை காலையில பதினோரு மணிக்கு செட்டியார் போன் பண்ணாரு. "அம்மா, வீடு உக்காந்துடுச்சு"ன்னாரு. அந்தத் தண்டபாணி சொன்ன அதே வார்த்தை.

ஆட்டோவுல வந்து இறங்கினா, தெருவே வெள்ளையா இருக்கு, மாவு கொட்டின மாதிரி. சுண்ணாம்புத் தூசி. முன்சுவர் அப்படியே நிக்குது, அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. தீயணைப்புக்காரங்க செங்கல்லைக் கையால எடுத்து எடுத்துப் போடறாங்க. ஒருத்தர் என்கிட்ட ஓடி வந்து, "மேல யாராவது இருந்தாங்களா?"ன்னாரு. "இல்ல, பூட்டியிருந்துச்சு"ன்னு சாவியைக் காட்டினேன். எப்ப கைப்பையிலேருந்து எடுத்தேன்னே தெரியல. அவரு சாவியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, திரும்பச் செங்கல்லை எடுக்கப் போயிட்டாரு.

அக்காவைத் தூக்கிட்டு வந்தாங்க. தேக்குத் தூணு சாஞ்சு ஒரு கூடாரம் மாதிரி நின்னுருக்கு, அதுக்கு அடியில இருந்திருக்கா. இடுப்பு எலும்பு போச்சு. கண்ணுல சுண்ணாம்பு பட்டு ஒரு கண்ணு சுத்தமாப் போச்சு, இன்னொண்ணுல நிழல் தெரியும், அவ்ளோதான். முகமெல்லாம் வெள்ளை. ஸ்ட்ரெச்சர்ல என் கையைத் தடவிப் பாத்து, "ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சா?"ன்னு கேட்டா. மயக்கத்துல கேட்டிருக்கா. டாக்டரே சொன்னாரு, அப்படித்தான் ஏதாவது பேசுவாங்கன்னு.

சரி, விழுந்துடுச்சு. இனிமேலாவது என் இஷ்டத்துக்குக் கட்டலாம்னா, அதுவும் இல்ல. நான் கமிட்டி ஆபீசுக்குப் போனேன். சுடரொளி எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிச்சு. எனக்கு அது பிடிக்கல. "முன்சுவர் நிக்குது ஆன்ட்டி, அதைக் காப்பாத்தணும். பின்னாடி கட்டறதா இருந்தா பழைய அளவு, பழைய வடிவத்துலதான் கட்டணும். ரிப்பேருக்கு ஒதுக்கினது புதுசாக் கட்டறதுக்கு வராது. ஆனா நான் கேட்டுப் பாக்கறேன்."

"எங்க அக்கா இப்ப கையெழுத்துப் போடற நிலைமையில இல்லம்மா."

"அவங்க கையெழுத்து வேண்டாம் ஆன்ட்டி. இப்ப நீங்க மட்டும்தானே ஓனர்?"

எனக்குப் புரியல. ஃபைலைத் திருப்பிக் காட்டுச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்லேருந்து வாங்கின பத்திர நகல். கீழ் வீடு மொத்தத்தையும் என் பேருக்கு எழுதி வெச்சிருக்கா. மர்கரீத்துன்னு சரியா எழுதி. தேதி பாத்தேன். அந்த வியாழக்கிழமை. எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, மழையில, நேரா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கா.

"உங்களுக்குத் தெரியாதா?"ன்னுச்சு அந்தப் பொண்ணு. "முந்தின நாள் என்கிட்ட வந்து கேட்டாங்க. 'பாதி வீடுன்னா அவளுக்கு மனசு வரல. முழுசும் அவளுதுன்னா நல்லாப் பாத்துக்குவா'ன்னு சொன்னாங்க."

பாத்தீங்களா எங்க அக்காவை? அந்தக் கவரை என்கிட்டக் குடுத்திருந்தா நான் அந்த ஞாயித்துக்கிழமை எதுக்கு ஞானஸ்நானத்துக்குப் போகப் போறேன்? என் வீடாச்சேன்னு ஓடி வந்திருக்க மாட்டேனா? ஒளிச்சு வெச்சது அவ தப்பு. இப்ப சுவர் என் பேர்ல, முட்டுக்கட்டை என் பேர்ல, யாரு தலையிலயாவது காரை விழுந்தா அதுவும் என் பேர்ல. மொத்தப் பாரத்தையும் என் தலையில கட்டிட்டா.

அந்தக் கோவத்துல பத்திரத்தோட ஜெராக்ஸை எடுத்துக்கிட்டு அவளைப் பாக்கப் போனேன். கன்னியாஸ்திரிங்க நடத்துற ஒரு இல்லத்துலதான் அவளைச் சேத்திருக்கு, அரியாங்குப்பம் பக்கம். நல்லாக் கேக்கணும்னுதான் போனேன். ஜன்னலோரமா சக்கர நாற்காலியில உக்காந்திருந்தா. முடியைக் கத்தரிச்சு விட்டிருந்தாங்க, பையன் மாதிரி. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டே, "மர்கி, வேலை ஆரம்பிச்சாச்சா?"ன்னா.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன்னு இப்பக்கூட எனக்குத் தெரியும். வார்த்தை வேற வந்துடுச்சு.

"ஆரம்பிச்சாச்சுக்கா"ன்னேன்.

அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அன்னிலேருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகணும், ஏதாவது சொல்லணும். அவ டீச்சர், சும்மா விட மாட்டா. "சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறப் போட்டாங்க? கடுக்காய்த் தண்ணி சேத்தாங்களா? வெல்லம்?"னு கேப்பா. எனக்கு என்ன தெரியும்? வெளியில வந்து சுடரொளிக்குப் போன் பண்ணுவேன். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்ம்மா"ம்பேன். அது பொறுமையாச் சொல்லும். தேக்கு உத்திரத்தைச் சுவத்துல எப்படிச் சொருகறது, அதுக்கு மேல சின்னச் செங்கல்லைக் குத்துக்குத்தா எப்படி அடுக்கறது, பொம்பளைங்க வரிசையா நின்னு கட்டையால தட்டித் தட்டித் தளத்தை எப்படி இறுக்கறது, எல்லாம். இப்ப எனக்கு அந்த வீட்டைக் கட்டத் தெரியும்மா. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவேன். ஒரு தடவை கேட்டேன், "அந்த அரசங்கன்னை அன்னிக்கே பிடுங்கறதுக்குப் பர்மிஷன் வேணுமாம்மா?"ன்னு. "வேண்டாம் ஆன்ட்டி"ன்னுச்சு.

பிப்ரவரியில வாயாலயே ஆரம்பிச்சேன். மார்ச்சுல உத்திரம் ஏத்தினேன். ஏப்ரல்ல தளம். மே மாசம் ரொம்ப வெயில், கொத்தனார் வரலைன்னு சொல்லி இழுத்தேன். "ஆளுங்களுக்கு மோர் குடு மர்கி"ன்னா. ஜூன்ல மூணு ஜன்னலையும் மாட்டினேன். கண்ணாடி நிறம் கேட்டா. பச்சைன்னேன். "நீலம்தானே இருந்துச்சு"ன்னா. மாத்தச் சொல்லிட்டேன்க்கான்னு அடுத்த வாரம் சொன்னேன். அவ்ளோ சந்தோஷம். பக்கத்துக் கட்டில் கிழவிங்களுக்கெல்லாம் வீட்டை வரைஞ்சு காட்டறாளாம், காத்துல விரலால.

நிறுத்தலாம்ல, உண்மையைச் சொல்லலாம்லன்னு கேக்காதீங்க. எப்படிச் சொல்றது? ரெனேகிட்ட, நிஜமாவே கட்டிடலாமாடான்னு கேட்டேன். "அம்மா, இருக்கற சுவரே எப்ப விழும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்"ங்கறான். சுடரொளி கேட்டுப் பாக்கறேன்னுச்சு, மேலேருந்து இன்னும் பதில் வரலையாம். நான் ஒரு பொம்பளை, மூட்டு வலிக்காரி, இந்த நாற்காலியில உக்காந்து சுவத்தைப் பாக்கறதைத் தவிர நான் என்ன பண்ண முடியும்?

போன வியாழக்கிழமை போனேன். வாசல்லயே மதர் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்க அக்கா கிளம்பறாங்களாமே? எங்களை விட்டுட்டுப் போறாங்கன்னு எல்லாருக்கும் வருத்தம்"னாங்க. உள்ள போனா, அவ பொட்டியைக் கட்டி மடியில வெச்சிருக்கா. நாலு புடவை, ஜெபமாலை, கண்ணாடிக் கூடு.

"இன்னும் பூச்சு காயணும்க்கா"ன்னேன்.

"சுண்ணாம்புப் பூச்சு எத்தனை நாள் காயும்னு எனக்குத் தெரியும். மழைக்கு முன்னாடி நான் உள்ள போயிடணும் மர்கி. இந்தத் தடவை மழைச் சத்தத்தை ஒழுகாத வீட்டுல உக்காந்து கேக்கணும். தேதி சொல்லு."

என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடல. அவளுக்கு இன்னும் பிடி பலமா இருக்கும்மா. ஏதாவது சொன்னாத்தான் விடுவா போல இருந்துச்சு. வாயில வந்த தேதியைச் சொல்லிட்டேன். இந்த மாசம் பதினஞ்சாம் தேதி, மாதா விண்ணேற்புத் திருநாளன்னிக்கு, காலையில பூசை முடிஞ்சு ஆட்டோவோட வர்றேன்னு.

"நிஜமா வருவேல்ல?"ன்னா.

"வர்றேன்னு சொல்றேனேக்கா"ன்னேன்.

இன்னிக்குத் தேதி பன்னெண்டு ஆயிடுச்சும்மா.